பேய் பின்பாலுக்கு ஒரு காந்தம்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. சிகாகோ பக்கம் ஆறே பேர் இருக்கிற சின்ன கம்பெனியில் பின்பால் மெஷின் (சரிந்த பலகையில் இரும்புப் பந்தை ஓடவிட்டு ஆடும் விளையாட்டு) வடிவமைக்கிறேன். இப்போது கையில் இருப்பது பேய் வீட்டுக் கதை.

அதன் உயிரே ஒரு காட்சியில்தான் இருக்கிறது. பாட்டு நின்று, விளக்குகள் மங்கி, பந்து தானாகப் பலகையின் குறுக்கே மெல்ல ஊர்ந்து போக வேண்டும். ஆறரை டிகிரி சரிவில் கீழே உருள வேண்டிய இரும்புப் பந்து பக்கவாட்டில் நகர்ந்தால் முதுகு சில்லிட்டுப் போகும். 1993-இல் வில்லியம்ஸ் வெளியிட்ட டிராகுலா மெஷினில் இதைச் செய்திருக்கிறார்கள். பலகைக்கு அடியில் மோட்டாரோடு நகரும் காந்தம்தான் சூட்சுமம்.

நானும் நிரந்தரக் காந்தம் வைத்துப் பார்த்தேன். பலகை 13 மி.மீ. பிளைவுட், பந்து 27 மி.மீ., எடை 80 கிராம். பாதி தூரம் அழகாக வருகிறது. நடுவில் பதித்திருக்கும் பிளாஸ்டிக் விளக்கு மூடியின் விளிம்பில் ஒரு சின்னத் துள்ளல், அவ்வளவுதான், கழன்று ஓடிவிடுகிறது. பலகையை அடியில் குடைந்து மெலிதாக்கினால் பிடி கிடைக்கிறது. ஆனால் பந்து குதித்து விழும் இடம் அது, பலகை தாங்குமா? மின்காந்தம் போட்டால் சில வினாடிகளிலேயே அதன் காயில் (கம்பிச்சுருள்) சுடுகிறது.

அப்புறம் இன்னொன்று. காந்தம் ஏறிய பந்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒன்றுக்குப் பதில் இரண்டாக வெளியே வருகின்றன.

பழைய மெஷின்களைப் பிரித்துப் பார்த்தவர்கள், மோட்டார், காயில் வேலை தெரிந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். எவ்வளவு ஆழம் குடையலாம் என்று தெரிந்தால்கூடப் பெரிய உதவி. அடுத்த மாதம் மாதிரி மெஷினை ஆடிக் காட்ட வேண்டும்.