பழுதான கருவியோடு விமானத்தை அனுப்புவது சரியா?

சன்னலோரம்:
எந்தக் கருவி பழுதாக இருந்தாலும் விமானத்தை அனுப்பலாம், எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று சொல்வது எம்.இ.எல். எனப்படும் குறைந்தபட்சக் கருவிப் பட்டியல். அதைப் பாதுகாப்பு ஆவணம் என்கிறார்கள். எனக்கு அது தவணைச் சீட்டாகவே தெரிகிறது. 'சி' பிரிவுப் பழுதுக்கு 10 நாள், 'டி' பிரிவுக்கு 120 நாள். நான்கு மாதம் பழுதைச் சுமந்து பறக்க யார் அனுமதி கொடுத்தது?

கொட்டகைக்காரன்:
'டி' பிரிவில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கோபப்படுங்கள். பறப்பதற்குக் கட்டாயமில்லாத கூடுதல் பொருத்தங்கள்தாம் பெரும்பாலும் அங்கே வரும். 'பி' பிரிவுக்கு 3 நாள்தான்.

அந்த நாள்களும் சும்மா கிடைப்பதில்லை. உயரத்தைத் தானாகப் பிடித்து வைக்கும் ஆட்டோபைலட் இல்லையென்றால், 29,000 அடிக்கும் 41,000 அடிக்கும் இடையே விமானங்கள் 1,000 அடி இடைவெளியில் பறக்கும் வான்வெளிக்குள் வழக்கமாகப் போக முடியாது. கீழேயே பறந்து கூடுதல் எரிபொருளைச் செலவிட வேண்டும். பிரேக் போடும்போது சக்கரம் வழுக்காமல் காக்கும் ஆன்டி-ஸ்கிட் வேலை செய்யாவிட்டால் புறப்பாட்டு எடையை வெட்ட வேண்டும், சரக்கு இறங்கும். வானிலை ரேடார் இல்லாமல், வழியில் இடிமேகம் இருக்கும் என்ற முன்னறிவிப்போடு கிளம்ப முடியாது. எந்திர ஜெனரேட்டர் ஒன்று போனால், ஏ.பி.யூ. என்ற சிறு துணை எந்திரத்தின் ஜெனரேட்டர் அதன் இடத்தில் ஓட வேண்டும். இதைத் தவணை என்பீர்களா?

ஓடுபாதை:
கட்டுப்பாடு எதைச் சுற்றி வேலி போடுகிறது என்பதே என் கேள்வி. 2008 ஆகஸ்ட் 20, மாட்ரிட். ஸ்பான்ஏர் நிறுவனத்தின் எம்.டி.-82. வெளிக்காற்று வெப்பத்தை அளக்கும் உணரியின் சூடேற்றி, தரையில் நிற்கும்போதே சூடாகிக்கொண்டிருந்தது. வழியில் உறைபனி இல்லை. ஆகவே பட்டியலின்படி சூடேற்றியின் மின்னிணைப்பைத் துண்டித்து விமானத்தை விடுவித்தார்கள். சூடேற்றி ஏன் தரையில் இயங்கியது என்பதை யாரும் தேடவில்லை. பிறகு, புறப்படும்போது இறக்கையின் தூக்குவிசையைக் கூட்டும் ஃபிளாப்பை இறக்காமலே விமானிகள் புறப்பட்டார்கள். எச்சரிக்க வேண்டிய ஒலி எழவில்லை. 172 பேரில் 154 பேர் இறந்தார்கள். அந்தச் சூடேற்றியையும் எச்சரிக்கை ஒலியையும் ஒரே ரிலே, அதாவது ஒரே மின்விசைமாற்றி, தொட்டுச் செல்கிறது. ஒலி எழாததற்குக் காரணம் அந்த ரிலேதான் என்று விசாரணை அறுதியிட்டுச் சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் சூடேற்றியைப் பட்டியலில் தேடியவர் கண்ணில் அந்த ரிலே பட வழியே இல்லையே!

கொட்டகைக்காரன்:
அது பட்டியலின் குற்றமா? பழுதின் காரணத்தைக் கண்டுபிடிக்கப் பராமரிப்புக் கையேடு இருக்கிறது. கண்டுபிடித்த பிறகு, அனுப்பலாமா என்று பார்க்கத்தான் எம்.இ.எல். வரிசையைத் தலைகீழாக்கியவர்களைக் கேளுங்கள்.

ஓடுபாதை:
பயணிகளை ஏற்றிவிட்டு, கிளம்பும் நேரம் தாண்டிவிட்ட விமானத்தின் அடியில் நிற்பவரிடம் போய் வரிசை பேசுங்கள், ஐயா.

வலவன்:
இருவரும் விமானி அறைக்குள் வரவே இல்லை. 2007 ஜூலை 17, பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் உள்ள காங்கோன்யாஸ் விமான நிலையம், டாம் நிறுவனத்தின் ஏ320. தரையிறங்கியதும் உந்துவிசையைத் திருப்பி வேகத்தைக் குறைக்கும் ரிவர்சர், வலது எந்திரத்தில் முடக்கப்பட்டிருந்தது, விதிப்படி சரியே. ஈரமான ஓடுபாதையில் இறங்கியபோது இடது எந்திரத்தின் விசை லீவர் பின்னால் வந்தது, வலது லீவர் ஏறும் விசையிலேயே நின்றுவிட்டது. இறக்கைமேல் எழுந்து வேகத்தைக் குறைக்க வேண்டிய ஸ்பாய்லர் விரியவில்லை. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 199 உயிர்கள். ரிவர்சர் இல்லாததால் நேர்ந்த விபத்து அல்ல அது. ஒரு லீவர் வழக்கப்படியும் இன்னொரு லீவர் வழக்கத்துக்கு மாறாகவும் இருந்துவிட்ட கணத்தின் விபத்து. எடைக்கும் உயரத்துக்கும் கணக்குப் போடலாம். மூன்று சிறு பழுதுகளின் மாற்று நடைமுறைகளை ஒரே தரையிறக்கத்தில் நினைவில் வைத்திருப்பவரின் சுமைக்கு எந்த அட்டவணையும் இல்லை. 'பழுதுகளின் சேர்க்கையைக் கருத்தில் கொள்க' என்று முன்னுரையில் ஒரு வரி இருக்கிறது, அவ்வளவே.

கொட்டகைக்காரன்:
சுமை அதிகமென்றால் கேப்டன் மறுக்கலாம். அந்த அதிகாரத்தை எந்தப் பட்டியலும் பறிக்கவில்லை.

வலவன்:
ஒவ்வொரு பழுதும் தனித்தனியே 'அனுமதிக்கப்பட்டது' என்று கையெழுத்தாகி வரும்போது, மறுப்பவர்தான் காரணம் எழுத வேண்டியிருக்கிறது.

சன்னலோரம்:
'பி', 'சி' கெடுவை ஒப்புதலோடு நீட்டிக்கவும் வழி உண்டு என்பதை இதுவரை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. எந்த நிறுவனம் எத்தனை முறை நீட்டித்தது என்பதை டிக்கெட் வாங்குபவருக்குக் காட்டட்டும், பிறகு பேசுவோம்.