எவலினா நாவலை வாரவாரம் எப்படிப் பிரித்து வாசிப்பது?

வைகைவாசகி:
தல்லாகுளத்தில் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் வாசிப்பு வட்டம் ஃபிரான்சிஸ் பர்னியின் ‘எவலினா’வை (1778) எடுத்திருக்கிறது. ஐந்து வாரம்தான் இருக்கிறது. பாதிப் பேர் முதல் பாகத்திலேயே நின்றுவிட்டார்கள். ஒரு நடனத்தில் ஒருவனை மறுத்ததற்கு ஏன் அவ்வளவு ரகளை என்பதும் பிடிபடவில்லை. எப்படிக் கொண்டுபோகலாம்?

அழகர்மலையான்:
முதலில் எல்லோர் பதிப்பையும் ஒப்பிடுங்கள் மேடம். நாவல் மொத்தம் 84 கடிதங்கள், மூன்று பாகங்கள். சில பதிப்புகள் 1 முதல் 84 வரை தொடர்ந்து எண்ணும். சிலவற்றில் ஒவ்வொரு பாகமும் மறுபடி 1-இல் தொடங்கும் (31, 30, 23). “பதினைந்தாவது கடிதம்” என்றால் ஆளுக்கொரு பக்கத்தைத் திறப்பார்கள். குழம்புவது பெரும்பாலும் இதனால்தான்.

தொடர் எண்ணில் பிரித்தால் முதல் வாரம் 1–13, பிறகு 14–31, 32–46, 47–61, கடைசி வாரம் 62–84. 13-இல் நிறுத்துவதற்குக் காரணம் உண்டு: இரண்டு நடன இரவுகளும் ஒரே அமர்வில் வந்துவிடும். தொடக்கக் கடிதங்கள் பெரியவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்பவை, கொஞ்சம் மந்தம். ஆனால் தாண்டிப் போகாதீர்கள். எவலினாவின் தாயைச் சர் ஜான் பெல்மான்ட் ரகசியமாக மணந்து, பிறகு திருமணச் சான்றை எரித்துவிட்டான் என்பது அங்கேதான் வருகிறது. அவள் ஆன்வில் என்ற பெயரில் உலவுவது ஏன் என்பதற்கும் அதுதான் அடிப்படை.

மேலமாசிவீதி:
நடன விஷயம். அன்றைய வழக்கப்படி ஒருவனை மறுத்த பெண் அந்த இரவு வேறு யாரோடும் ஆடக்கூடாது. 11-ஆம் கடிதத்தில் எவலினா லவலை மறுத்துவிட்டு ஆர்வில் பிரபுவோடு ஆடுகிறாள். நம் பக்கத்து மொய் முறை மாதிரிதான் இது: யாரும் உட்கார்ந்து சொல்லித்தர மாட்டார்கள், தவறினால் மட்டும் ஊருக்கே தெரியும். 13-இல் பழையபடி மாட்டிக்கொள்ளாமல் இருக்க, “ஏற்கெனவே ஒருவருக்குச் சொல்லிவிட்டேன்” என்று, ஆட அழைக்கும் சர் கிளமென்ட்டிடம் பொய் சொல்கிறாள். அவன் விடுவதாயில்லை. விதி தெரியாமல் முதல் தவறு, விதி தெரிந்ததால் இரண்டாவது. இரண்டையும் அடுத்தடுத்து உரக்க வாசியுங்கள்.

அழகர்மலையான்:
நல்ல யோசனை. கூடவே ஒரு தாளில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: கடிதத் தேதி, எழுதிய ஊர், பெறுபவர். லண்டனிலிருந்து டார்செட்டில் இருக்கும், எவலினாவை வளர்த்த பாதிரியார் வில்லர்ஸுக்கு அஞ்சல் போய்ப் பதில் வர நாளாகும். அவர் அறிவுரை கைக்கு வரும்போது காரியம் நடந்து முடிந்திருக்கும். 17 வயதுப் பெண் தனியாக முடிவெடுக்க நேர்வது இதனால்தான். பெறுபவர் பத்தியும் முக்கியம். இரண்டாம் பாகத்தின் முடிவில், வளர்த்தவரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாததைத் தோழி மரியாவுக்கு எழுதுகிறாள்.

வைகைவாசகி:
தாள் இன்றைக்கே அடிக்கிறேன். மரியாவின் அப்பா கேப்டன் மிர்வான், எவலினாவின் பாட்டி மேடம் டுவாலைப் படுத்தும் பகுதிகளை விட்டுவிடலாமா? நிறையப் பேருக்கு எரிச்சல்.

மேலமாசிவீதி:
விடாதீங்க. சுருக்கிச் சொன்னாலும் போதும். வழிப்பறிபோல் நடித்து மேடம் டுவாலைப் பள்ளத்தில் தள்ளிவிடும் காட்சியை மட்டும் முழுசாக வாசியுங்கள். அதில் சர் கிளமென்ட்டும் கூட்டு. அந்தச் சாக்கில் வண்டிக்குள் எவலினாவோடு பேச இடம் பிடிக்கிறான். மூன்றாம் பாகத்தில் ஒரு போலிக் கடிதம் யார் வேலை என்று தெரியவரும்போது, இந்தக் காட்சியை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அதிர்ச்சி இருக்காது.