ஒரு பல்லை வச்சு முப்பாட்டனைச் சொல்ல முடியுமா?

பதுளைக்காரன்: "ஜெரோபட்ராகஸ்தான் தவளை, வாலுள்ள சலமாந்தர், காலில்லாத சிசிலியன் மூணுக்கும் முப்பாட்டன், பல்லே சாட்சி"ன்னு நேத்து ஒருத்தர் எழுதியிருக்கார். வாசிச்சதுல இருந்து எரிச்சல். ஜெரோபட்ராகஸ்ன்னா எப்பவோ அழிஞ்சுபோன நீர்நில வாழ்வன. டெக்சாஸ்ல கிடைச்சது ஒரே ஒரு எலும்புக்கூடு, சுமார் 11 சென்ரிமீற்றர். 2008ல அதுக்குப் பேர் வச்சவங்களே சிசிலியனைத் தனியாத்தான் வச்சாங்க. பல்லு? அடித்தண்டு, அதுக்கு மேல்துண்டு, நடுவுல சுண்ணாம்பு ஏறாத மெல்லிய வளையம். அந்த இருதுண்டுப் பல்லை டொலசெர்பெட்டன்ங்கிற இன்னொரு அழிஞ்சுபோன நீர்நில வாழ்வனல 1969லயே காட்டியாச்சு, அப்ப அதுவும் முப்பாட்டனா?

ஹட்டன்வாசி: எழுதினது நான்தான் அண்ணே. கணுக்கால்ல ஒட்டின எலும்பை மறைச்சுட்டீங்களே. அது சலமாந்தர் அடையாளம்.

பதுளைக்காரன்: கணுக்காலுக்கு ஓடாதீங்க, பல்லுக்கு வாங்க. செத்ததும் அந்த வளையம் அழுகி மேல்துண்டு உதிரும். மிச்சம் இருக்கிறது கிண்ணம் மாதிரி அடித்தண்டு, எல்லாம் ஒரே உயரம், விளிம்பு மழுமழுன்னு. பாறைக்குள்ள உடைஞ்ச பல்லுன்னா உயரம் ஏறி இறங்கும், விளிம்பு கரடுமுரடா இருக்கும். ஊசியால கல்லை எடுக்கும்போது தடிப்பாப் பசை பூசினா அந்த இடுக்கு அடைபட்டு, முழுப்பல் மாதிரியே தெரியும். இதையெல்லாம் பார்த்தீங்களா?

ஹட்டன்வாசி: சலமாந்தர் குடம்பிக்கு இருதுண்டுப் பல் இல்ல. அப்ப அது சலமாந்தர் இல்லையா?

பதுளைக்காரன்: குடம்பியை யார் கேட்டா? பல் இருந்தா முப்பாட்டன்னு சொன்னது நீங்க.

நுவரெலியா தங்கச்சி: கான் வெட்டுறப்ப வர்ற மஞ்சள் கோட்டுப் பாம்பும் இந்தச் சாதியா?

பதுளைக்காரன்: பாம்பு இல்லம்மா, சிசிலியன், இக்தியோபிஸ். பாம்புக்குச் செதில் வெளியில. இதுக்கு உடம்பெல்லாம் வளையம், செதில் மடிப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கும். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல குட்டி உணர்கொம்பு. கடிச்சா விசம்னு மண்வெட்டியால அடிக்கிறது பெரிய பாவம். இதுக்கும் இருதுண்டுப் பல்தான்.

தியத்தலாவை: அப்ப நம்ம மலையில உயிர்ச்சுவடு தேடினா என்ன?

பதுளைக்காரன்: சூட்டுலயும் அழுத்தத்துலயும் உருமாறின பாறை தம்பி, எலும்பு தப்பாது. ஜுராசிக் படிவுன்னா புத்தளம் பக்கம் தப்போவ.

ஹட்டன்வாசி: பேச்சை மாத்தாதீங்க அண்ணே. ட்ரயசுரஸ்ங்கிற உயிர்ச்சுவட்டையும் "ஒரே ஒரு மாதிரி"ன்னுதான் தள்ளினீங்க. 2020ல கிர்கிஸ்தான்ல கிடைச்ச இரண்டாவதை வச்சு அது ஆதிச் சலமாந்தர்னு காட்டினாங்க. அன்னைக்கு நீங்க வாயே திறக்கல.

பதுளைக்காரன்: இரண்டாவது வந்த பிறகுதானே காட்டினாங்க! ஜெரோபட்ராகசுக்கு இரண்டாவது எங்க? டொலசெர்பெட்டன் பல்லுக்கும் இன்னும் பதில் வரல.

ஹட்டன்வாசி: கணுக்காலுக்கு நீங்க சொன்னீங்களா?

பதுளைக்காரன்: பல்லு தம்பி, பல்லு.