கந்தையா வீட்டார் – பலெர்மோ (இத்தாலி, சிசிலித் தீவு) கலியாணம்

ராசன்: எல்லாருக்கும் வணக்கம். நிரோஜான்ர கலியாணம் செப்ரெம்பர் 6 எண்டது தெரியும்தானே. கொமூனேயில (நகரசபையில) எழுத்து முடிஞ்சுது, இது தாலி கட்டு. ரிக்கெற் போடாத ஆக்கள் இந்தக் கிழமைக்குள்ள போடுங்கோ, பிறகு விலை ஏறீட்டுது எண்டு எனக்கு அடிக்கக் கூடாது

சுதன்: 👍

வதனி: சித்தப்பா அப்ப இங்க இங்கிலாந்தில பள்ளிக்கூடம் துவங்கீடும்

வதனி: அஞ்சு நாள் மறிச்சால் தாய்க்கு 80 தகப்பனுக்கு 80 பவுண் ஃபைன். அதுவும் ஒவ்வொரு பிள்ளைக்கும்

நாதன்: ஓகஸ்ட்ல வச்சிருக்கலாம்

ராசன்: அண்ணை ஓகஸ்ட்ல இங்க மனுசர் உயிரோட இருக்கேலாது. 2021 ஓகஸ்ட் 11 சிராக்குசாப் பக்கம் 48.8 டிகிரி அடிச்சது, ஐரோப்பாவிலயே கூடின வெக்கை அதுதான். அதோட ஓகஸ்ட் 15 ஃபெராகொஸ்தோ லீவு, பாதிக் கடை பூட்டு, சனம் முழுக்கக் கடலுக்கை. கூறைச் சீலையோட மாப்பிள்ளை பொம்பிளையை அவிக்கிறதே

தேவி: ஐயரும் 6 தான் நல்லம் எண்டவர்

நாதன்: ம்

மலர்: அண்ணை அங்க நெருப்பு மலை வெடிக்குதாம். வீடியோ வந்தது. சனம் ஓடுது. பிள்ளையள் கவனம்

ராசன்: மலர் அது 2025 ஜூன் 2 எடுத்த வீடியோ. எட்னா எப்பவும் புகைக்கும், ஊர்ச்சனத்துக்கு அது பழக்கம். நாங்கள் இருக்கிறது பலெர்மோ, எட்னா கத்தானியாப் பக்கம், றோட்டால 200 கிலோமீற்றருக்குக் கிட்ட. பயப்பிடாதை

மலர்: 🙏

சுதன்: சித்தப்பா எட்னா பாக்கோணும். அதுக்குத்தான் வாறன்

நிரோஜா: என்ர கலியாணத்துக்கு இல்லையாம் 😂

ராசன்: சரி சுத்திப் பாக்கிற விசயத்தை ஒரேயடியா எழுதுறன், எல்லாரும் தனித்தனியாக் கேக்கிறியள். முதல் எயார்போட். அது ஊருக்குள்ள இல்லை, புந்தா ராய்சியில கடற்கரையோட இருக்கு, இங்க இருந்து 35 கிலோமீற்றர். வெளியில நிண்டு கையைப் பிடிச்சு இழுக்கிற ரக்சிக்காரரோட போகாதேங்கோ, உள்ளுக்கையே றெயின் இருக்கு, நேர சென்றாலேக்கு (பெரிய ஸ்டேசனுக்கு) வரும், பஸ்சும் வரும். சென்றாலேயில இறங்கினால் எங்கட வீடு நடை, பலாறோ சந்தை தாண்டினால் சரி. கடதாசி ரிக்கெற் எடுத்தால் ஏற முதல் பிளாட்ஃபோமில மிசின்ல குத்தோணும், குத்தாட்டில் ரிக்கெற் இருந்தும் தண்டம்

நாதன்: நாங்கள் கார் எடுப்பம். ஏழு சீற்

ராசன்: அண்ணை வேண்டாம். இங்க நடு ஊருக்குள்ள கண்ட கார் போகேலாது, செற்ற தி எல்லே எண்டு போட்டிருக்கும், கமரா படம் எடுக்கும், நீங்கள் கனடா போய்ச் சேந்து கன நாளைக்குப் பிறகுதான் தண்டக் கடுதாசி வரும். கனடா லைசன்சோட இன்ரநசனல் பேமிற்றும் வேணும். பார்க்கிங் தேடியே நாள் போயிடும்

நாதன்: நான் டொரொண்டோவில 30 வருசம் ஓடுறன்

வதனி: பலெர்மோவில ஓடேல்லைத்தானே சித்தப்பா

சுதன்: 😂😂

தேவி: வான் ஒண்டு பேசலாம் அத்தான், ட்றைவரோட

ராசன்: வானைப் பிறகு கதைப்பம். இடங்கள் சொல்லுறன். மொன்றியாலே கட்டாயம். ஊருக்கு வெளியில மேட்டில இருக்கு. 1174இல நோர்மன் ராசா ரெண்டாம் வில்லியம் துவக்கின கோயில், உள்ளுக்கைச் சுவர் முழுக்க தங்கப் பொடிக்கல், அண்ணாந்து பாத்துப் பாத்து பிடரி நோகும். ராசமாளிகைக்குள்ள கப்பெல்லா பலத்தீனா இருக்கு, அது ரொஜர் ராசா கட்டினது, மேல் முகடு அரபுக்காரற்ற மரவேலை, அங்காலப் பக்கம் கிரேக்க எழுத்து. மூண்டு சாதிச் சனத்தின்ர வேலையும் ஒரே கூரைக்குக் கீழ. தோள் மூடின உடுப்புப் போடுங்கோ. செஃபாலூ ஒரு மணித்தியால றெயின், பிள்ளையள் குளிக்க மணல் கடல். மொந்தெல்லோ இன்னும் கிட்ட. பிறகு கப்புச்சீனி நிலவறை, ஆயிரத்துக்கு மேல பேற்ற உடல் உடுப்போட காய வச்சு நிரையா

மலர்: என்னண்ணை

மலர்: கலியாண வீட்டுக்கு வந்திட்டு பிரேதம் பாக்கப் போறதே

தேவி: நான் அப்பவே சொன்னனான் அதை எழுதாதேங்கோ எண்டு

சுதன்: நான் போறன்

வதனி: நீ போனால் மணவறைப் பக்கம் வராதை. துடக்கு

ராசன்: கலியாணம் முடிய 7ம் திகதி போகலாம். அங்க 1920இல செத்த ரெண்டு வயசு கூட முடியாத பிள்ளை, நித்திரை கொள்ளுற மாதிரியே

மலர்: காணும் அண்ணை

நாதன்: சாப்பாடு என்ன மாதிரி. பவானி மச்சம் தின்னாள்

நிரோஜா: பெரியப்பா பனெல்லே சாப்பிடலாம். கடலைமாவில செய்து பொரிச்சு பாணுக்குள்ள வச்சு தருவினம். சூப்பர்

நிரோஜா: அரஞ்சீனா (பொரிச்ச சோத்துருண்டை) கவனம். புர்ரோ எண்டு எழுதியிருந்தால் வெறும் பட்டர் எண்டு நினைக்காதேங்கோ, உள்ள பன்றி ஹாம் இருக்கும். சின்னன் எண்டு நம்பி ரெண்டு வாங்கினால் ஒண்டுதான் முடியும்

ராசன்: பலெர்மோவில அரஞ்சீனா, கத்தானியா போனால் அரஞ்சீனோ. மாறிச் சொன்னால் அடிபாடு. அதோட மத்தியானம் மூண்டு மணிக்குப் பிறகு சாப்பாட்டுக்கடை பூட்டீடுவாங்கள், இரவு ஏழரைக்குத்தான் திறப்பாங்கள். பிள்ளையள் பசியெண்டு அழும், கையில ஏதும் வச்சிருங்கோ. பானே கா மேவுசா எண்டு ஒண்டு இருக்கு, மாட்டு மண்ணீரல் பாண்

மலர்: சிவசிவா

வதனி: சின்னம்மா மிளகாய்த்தூள் கொண்டு வரட்டோ

தேவி: ஓம் பிள்ளை 2 கிலோ. இங்க பங்களாதேசுக் கடையில கிடைக்கும் ஆனால் எங்கட மணம் இல்லை

நாதன்: பவானி வறுத்து அனுப்புவாள். எங்கட சுகியின்ர கலியாணத்துக்கும் அவள்தான் வறுத்தவள். நீங்கள் வரேல்லைத்தானே தெரியாது

(கொஞ்ச நேரம் ஒருத்தரும் எழுதேல்லை)

தேவி: அத்தான் அந்த நேரம் எங்களுக்கு சொஜோர்னோ (இங்க இருக்கிற பேமிற்) புதுப்பிக்கக் குடுத்து கையில வரேல்லை. எத்தினை தரம் சொல்லுறது

நாதன்: நான் ஒண்டும் சொல்லேல்லையே

சுதன்: அப்ப றோமுக்குப் பறந்து அங்க இருந்து றெயின்ல வரலாமோ?

ராசன்: வடிவா வரலாம், இரவு றெயின் இருக்கு. மெசினாக் கடல் வர றெயினைக் கழட்டி பெட்டி பெட்டியா கப்பலுக்குள்ள தள்ளுவினம், ஆக்கள் இறங்கத் தேவையில்லை, மேல் தட்டில போய் கோப்பி குடிக்கலாம். பிள்ளையளுக்கு அது ஒரு விளையாட்டு. ஆனால் பதினொரு பன்ரெண்டு மணித்தியாலம் போகும்

மலர்: தலைமன்னார் தனுஷ்கோடி மாதிரியோ அண்ணை? அப்பா போனவரெல்லே திருச்சிக்கு

ராசன்: அது வேற மலர், அதில சனம் றெயினால இறங்கி கப்பல் ஏறோணும், அங்கால வேற றெயின். 64 புயலோட அதுவும் போச்சு

நாதன்: அப்பா போனது 61. நானும் ஸ்டேசனுக்குப் போனனான். றங்குப்பெட்டி தூக்கினது நான்

மலர்: ஓம் பச்சைப் பெட்டி. இப்பவும் இங்கதான் கிடக்கு

வதனி: அந்தப் பெட்டிக்கை தானே காணி உறுதி இருந்தது எண்டினம்

நாதன்: அதை இங்க கதைக்க வேண்டாம்

ராசன்: முக்கியமானதை விட்டிட்டன். 3ம் திகதி இரவு எல்லாரும் புனித றொசாலியாட்டப் போறம். 1624இல கொள்ளைநோய் வர, மொந்தே பெல்லெக்றீனோக் குகையில அவவின்ர எலும்பைக் கண்டெடுத்து அடுத்த வருசம் ஊர்வலம் கொண்டுபோக நோய் அடங்கினதெண்டு இந்த ஊர் நம்பிக்கை. 4ம் திகதி அவவின்ர நாள், முதல்நாள் இரவு சனம் நடந்து மலை ஏறும், கன பேர் வெறுங்காலோட. எங்கட தமிழ்ச் சனம் சைவம் வேதம் பாக்காமல் ஞாயிற்றுக்கிழமையளிலயும் ஏறுவினம். குகைக்குள்ள பாறையால தண்ணி சொட்டும், மேல தகர வாய்க்கால் போட்டு ஏந்தி வச்சிருக்கு. நிரோஜா பிறக்க முதல் தேவி வெறுங்காலோட ஏறினவ, அந்த நேத்தி

நிரோஜா: அப்பா

தேவி: உதெல்லாம் குறூப்பில எழுதோணுமே

மலர்: நானும் ஏறுவன். விசா அப்பொயின்மென்ற் 12ம் திகதி, கொழும்பு போகோணும். கலியாணக் காட், உங்கட சொஜோர்னோ கொப்பி, வீட்டுக் கடிதம் கெதியா அனுப்பு அண்ணை

ராசன்: நாளைக்கு அனுப்புறன்

தேவி: இதைத்தான் போன கிழமையும் சொன்னவர்

நாதன்: எனக்கு முழங்கால் ஏலாது, மலை எல்லாம்

நிரோஜா: பெரியப்பா மற்ற நாளில 812 பஸ் மேல மட்டும் போகும். கோயில் வாசலுக்கு மட்டும் கொஞ்சம் படி

நாதன்: பாப்பம்

சுதன்: எட்னா??

ராசன்: எட்னாக்கு விடிய வெளிக்கிடோணும். மலையில சப்பியென்சா எண்ட இடம் வரை வான் போகும், 1,900 மீற்றர் உயரம், அங்க இருந்து கேபிள் கார் 2,500க்கு. காத்தெண்டால் நிப்பாட்டீடுவாங்கள். ஜக்கெற் கட்டாயம். அதே பயணத்தில தவோர்மீனாவில கிரேக்க அரங்கு பாக்கலாம் ஆனால் ஒரு நாளுக்கை ரெண்டும் அடிச்சுப் பிடிச்சு ஓட்டம். என்னைக் கேட்டால் அக்ரிஜெந்தோ, ரெண்டு மணித்தியால றெயின், 2,400 வருசக் கோயில் தூண் விழாமல் நிக்குது, பின்னேரம் வெய்யில் சரிய போனால்

சுதன்: கோயில் நல்லூர்ல பாத்தாச்சு

வதனி: வோட் வைப்பம். எட்னா 1 அக்ரிஜெந்தோ 2

சுதன்: 1

நிரோஜா: 1

மலர்: ரெண்டும் வேண்டாம் கடல் காணும்

தேவி: 2. வானில எனக்கு சத்தி வரும்

நாதன்: வான் காசு ஆர் குடுக்கிறது

ராசன்: அதை வந்தாப்போல கதைப்பம். ஆர் எந்தத் திகதி எத்தினை மணிக்கு இறங்குறியள் எண்டு மட்டும் எழுதுங்கோ. எழுதுங்கோ, வொய்ஸ் போடாதேங்கோ, நான் வேலையில கேக்கேலாது

வதனி: 🎤 குரல் செய்தி 4:12