மோர்கனாட்டிக் திருமணம்: ‘பட்டஞ்சேரா மணம்’ எனலாமா?

குழுமத்தினர்க்கு வணக்கம்.

ஜெர்மானிய உயர்குடியினரின் கால்வழிப் பட்டியலில் ‘மோர்கனாட்டிக்’ திருமணம் என்று ஒன்று வரும்: உயர்குடி ஆண் தன்னிலும் தாழ்ந்த குடிப் பெண்ணை முறைப்படி மணந்தாலும், அவன் பட்டமும் அரசுரிமையும் அவளுக்கோ பிள்ளைகளுக்கோ சேராது. இதற்குத் தமிழில் நம் குழுமத்தில் இதுவரை முன்மொழியப்பட்ட சொற்கள் எவையும் லூயிஸ ஃபான் டேகன்ஃபெல்டின் (1634–1677) நிலைக்குப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. சிறுபிரபுக் குடும்பத்தில் பிறந்த இவரை, ஜெர்மானிய அரசுகளுள் ஒன்றான பலாட்டினேட்டின் ஆட்சியாளர் கார்ல் லூட்விக் 1658இல் மணந்தார். மணவிலக்கை ஏற்க மறுத்த முதல் மனைவி சார்லட் அப்போது உயிரோடுதான் இருந்தார். லூயிஸவுக்குப் பிறந்த பிள்ளைகள் 13 பேர். அவர்களுக்குத் தந்தையின் பட்டம் கிடைக்கவில்லை. வழியற்றுப்போன ஒரு பழங்குடும்பத்தின் ‘ரௌகிராஃப்’ என்னும் பட்டத்தை 1667இல் அவர்களுக்கும் தாய்க்கும் வழங்கினார்கள்.

தந்தைக்குப் பின் ஆட்சிக்கு வந்த சார்லட்டின் மகன் 1685இல் வாரிசின்றி இறந்தபோது லூயிஸவின் ஆண்மக்கள் சிலர் உயிருடன் இருந்தும், ஆட்சி தூரத்து உறவான நொய்பூர்க் கிளைக்குப் போயிற்று. சார்லட்டின் மகள் லீசலோட்ட பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் தம்பி மனைவி. லீசலோட்ட பெயரால் லூயி உரிமை கோரியதும் 1688இல் மூண்ட போருக்கு ஒரு காரணம். எனவே நம் சொல் இந்த உரிமையிழப்பைக் காட்டியாக வேண்டும்.

‘இடக்கை மணம்’ ஜெர்மன் வழக்கை ஒட்டியது. சடங்கில் மணமகன் வலக்கைக்கு மாற்றாக இடக்கையை நீட்டுவதுண்டு. ஆனால் தமிழில் அதைப் படிப்பவர் மனம் வலங்கை–இடங்கை என்ற பழைய சாதிப் பிரிவுக்கே ஓடும். ‘காலைப்பரிசு மணம்’ சொற்பிறப்புக்கு நேர்மையானது (ஜெர்மனில் ‘மோர்கன்’ என்றால் காலை) என்றாலும், மணநாளுக்கு மறுநாள் காலை தரும் அந்தப் பரிசு சமநிலைக் குடிகளுக்குள் நடக்கும் நிகர்குடித் திருமணங்களிலும் உண்டு. உயர்வருண ஆண் தாழ்வருணப் பெண்ணை மணப்பதைக் குறிக்கும் ‘அநுலோமம்’ வருண ஏற்பாட்டை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்கிறது. ‘ஆசைநாயகி’ வேண்டவே வேண்டாம். ஊரறிய மணந்தவளை அப்படி எழுதுவது அநியாயம்.

‘பட்டம்’ என்ற நம் சொல் அரசுரிமையையும் சிறப்புப் பெயரையும் ஒருங்கே குறிக்கும். பட்டத்தரசி, பட்டத்து இளவரசன் என்பவை எல்லோரும் அறிந்தவை. கணவனின் பட்டம் மனைவியையும் மக்களையும் சேராத திருமணம் ‘பட்டஞ்சேரா மணம்’. லூயிஸவுக்குத்தான் ஒரு பட்டம் கிடைத்ததே என்று கேட்கலாம். அது தனியே வழங்கப்பட்டது, திருமணத்தின் வழியாகச் சேர்ந்ததன்று. பட்டஞ்சேரா மனைவி, பட்டஞ்சேரா வழியினர் என்று அடையாக நின்றும் இச்சொல் பட்டியலில் இயல்பாக அமைகிறது. ஆஸ்திரிய அரசகுடியைச் சேர்ந்த டிரோல் ஆர்ச்டியூக் (இளவரசர்) ஃபெர்டினாண்டை 1557இல் மறைவாக மணந்த ஆக்ஸ்பர்க் வணிகக்குடிப் பெண் பிலிப்பீன வெல்சருக்கும் இது பொருந்தும். அவருடைய மகன்கள் ஒருவர் கார்டினலாகவும் மற்றவர் புர்காவ் பகுதியின் தலைவராகவும் ஆனார்களே தவிர, டிரோல் அவர்களுக்கு வரவில்லை.

இதன் எதிர்ப்பதத்துக்கு மேலே ‘நிகர்குடித் திருமணம்’ என்று எழுதியிருக்கிறேன். ‘ஒத்தகுடி’ என்பதை விரும்புவோர் காரணத்துடன் எழுதினால் இரண்டையும் ஒன்றாகவே முடிவுசெய்துவிடலாம்.