எல்லாக் கணக்கிலும் 12 சதவீதம்: அந்த எண் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: முதுகலை வணிகவியல் மாணவி, இரண்டாம் ஆண்டு

வணக்கம். நிறுவன நிதி, முதலீட்டு ஆய்வு, இடர் மேலாண்மை ஆகிய மூன்றும் இந்தப் பருவத்தில் எங்களுக்குத் தனித்தனித் தாள்கள். நிகர இன்றைய மதிப்புக் கணக்குகளில் (வருங்கால வரவுகளை இன்றைய மதிப்புக்குக் குறைத்து, அதிலிருந்து முதலீட்டைக் கழிப்பது) தள்ளுபடி விகிதம், அதாவது அப்படிக் குறைக்கும் விகிதம், 12 சதவீதம் என்று வினாவிலேயே கொடுத்துவிடுவதால், அட்டவணையைப் பார்த்துப் பெருக்கி விடை எழுதுவதில் எனக்குச் சிரமம் இருந்ததில்லை.

திட்ட அறிக்கைக்காகத் திருப்பூரில் ஒரு சிறிய பின்னலாடை நிறுவனத்துக்குச் சென்றபோதுதான் சிக்கல் வந்தது. 5 லட்சம் கைப்பணமும் 15 லட்சம் வங்கிக் கடனுமாக 20 லட்சம் ரூபாயில், கூரையில் சூரிய மின் தகடு போடுவதா, ஏற்றுமதி ஆர்டர்களை நம்பிப் புதிய பின்னல் இயந்திரம் வாங்குவதா என்று உரிமையாளர் யோசித்துக்கொண்டிருந்தார். தகட்டால் ஆண்டுக்கு 4.3 லட்சம் மின்கட்டணம் மிச்சமாகும்; இயந்திரத்தால் 4.5 லட்சம் வரும். இரண்டுக்கும் ஆயுள் 10 ஆண்டுகள். 12 சதவீதத்தில் தகட்டுக்கு 4.30 லட்சமும் இயந்திரத்துக்கு 5.43 லட்சமும் நிகர மதிப்பு வந்ததால், இயந்திரமே மேல் என்றேன். அவர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பன்னிரண்டு யாரு சொன்னதும்மா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த எண்ணை எப்படிக் கண்டறிவது?

மறுமொழி 1: நிதியியல் கற்பிப்பவர்

அவர் கேட்டது சரியான கேள்வி. தள்ளுபடி விகிதம் என்பது, அதே அளவு இடருள்ள வேறோர் இடத்தில் அந்தப் பணத்தைப் போட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய வருவாய். எனவே அது நிறுவனத்துக்கு உரிய எண் அன்று, திட்டத்துக்கு உரிய எண். மின்கட்டணம் மிச்சமாவது ஏறத்தாழ உறுதியானது. ஏற்றுமதி ஆர்டரோ வெளிநாட்டுக் கடைகளின் விற்பனையோடும் டாலர் மதிப்போடும் ஏறி இறங்குவது. தகட்டுக்கு 9 சதவீதமும் இயந்திரத்துக்கு 16 சதவீதமும் என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்: தகட்டின் நிகர மதிப்பு 7.60 லட்சமாக உயர்கிறது, இயந்திரத்தின் மதிப்பு 1.75 லட்சமாகச் சுருங்குகிறது. உங்கள் முடிவே தலைகீழாகிவிடுகிறது. இவ்விரு விகிதங்களும் நான் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. உண்மையான விகிதத்தை அறிய, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பின்னலாடை நிறுவனங்களின் பீட்டாவை (சந்தையின் ஏற்ற இறக்கத்தோடு ஒரு பங்கு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற அளவு; அது கூடினால் விகிதமும் கூடும்) எடுத்து, அவற்றின் கடன் விளைவை நீக்கி, இந்த நிறுவனத்தின் கடன் அளவுக்கேற்ப மீண்டும் சரிசெய்ய வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பணத்தைப் பல இடங்களில் பிரித்துப் போட்டால் இடர் குறையும் என்று பொருளியலாளர் மார்கோவிட்ஸ் 1952இல் முன்வைத்த பரவலாக்கக் கருத்தின் மேல், மற்றொரு பொருளியலாளரான ஷார்ப் 1964இல் எழுப்பிய மாதிரியே பீட்டாவுக்கு அடிப்படை. அதன்படி, பல பங்குகளில் பணத்தைப் பிரித்துப் போட்டவருக்குச் சந்தை இடர் (சந்தை முழுவதையும் பாதிக்கும் இடர்) மட்டுமே பொருட்டு. உங்கள் உரிமையாளரின் சொத்தெல்லாம் அந்த ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடும். அப்படியானால் பீட்டா காட்டுவதைவிட அவர் சுமக்கும் இடர் அதிகம்.

மறுமொழி 2: வங்கிக் கடன் பிரிவில் பணிபுரிபவர்

விகிதத்தைத் திருத்துவதோடு நிற்காதீர்கள். அந்த 15 லட்சம் பத்தாண்டுச் சொத்துக்கு ஏற்ற தவணைக் கடனா, அன்றாடச் செலவுக்காக வாங்கி ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய நடைமுறை மூலதனக் கடனா என்று கேட்டீர்களா? நிகர மதிப்பு எவ்வளவு கூடுதலாக இருந்தாலும், வரவு பத்தாண்டில் வரும்போது கடன் ஓராண்டில் முடிந்தால் நிறுவனம் நின்றுவிடும்.

2018இல் ஐ.எல்.அண்டு எஃப்.எஸ். குழுமத்துக்கு நேர்ந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. சாலை, மின்சாரம் என்று பல்லாண்டுகளில் பலன் தரும் திட்டங்களை வைத்திருந்த குழுமம் அது. நம் கடலூர் மாவட்டத்து அனல் மின் நிலையம் ஒன்றும் அப்போது அதனுடையதாக இருந்தது. ஆனால் வாங்கிய கடனில் கணிசமான பகுதி குறுகிய காலத்தில் திருப்ப வேண்டியதாக இருந்தது. புதிய கடனால் பழைய கடனை அடைக்கும் வழி அடைபட்டதும் தவணைகள் தவறத் தொடங்கின. மொத்தக் கடன் சுமார் 91,000 கோடி ரூபாய். அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு இயக்குநர் குழுவையே மாற்ற வேண்டி வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு வரை அந்நிறுவனத்தின் கடன் பத்திரங்கள் மிக உயர்ந்த தரமதிப்பீட்டில் இருந்தன என்பதை மாணவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

மறுமொழி 3: கேள்வி கேட்ட மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. அந்த 4.5 லட்சம் எல்லா ஆண்டும் ஆர்டர் நிரம்பினால் வரும் தொகை என்பதை என் குறிப்பேட்டைப் பார்த்தபோது இப்போதுதான் கவனித்தேன். அப்படியென்றால் விகிதத்தை 16க்கும் மேலே உயர்த்த வேண்டுமா?

மறுமொழி 4: நிதியியல் கற்பிப்பவர்

வேண்டாம். மோசமான ஆண்டுகளையும் சேர்த்து எதிர்பார்க்கும் சராசரி வரவை முதலில் கண்டறிந்து, 4.5 என்ற எண்ணையே குறையுங்கள். சராசரி வரவு 4.14 லட்சத்துக்குக் கீழே போனால், 16 சதவீதத்தில் இயந்திரத்தின் நிகர மதிப்பு எதிர்மறையாகிவிடும். கடந்த ஐந்தாண்டு ஆர்டர் பதிவேட்டை அவரிடம் கேட்டு வாங்குங்கள்.