வார்டில் எல்லோருக்கும் பங்கு: மாநகராட்சியிடம் எதைக் கேட்பது?

அல்சூர்க்காரன்:
வணக்கம். 2025 செப்டம்பரில் பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்ததில் எங்கள் அல்சூர் மத்திய மாநகராட்சிக்குப் போயிருக்கிறது. புது நிர்வாகம் ஆயிற்றே, தெருவில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு மனு எழுதலாம் என்றிருக்கிறோம். என் தம்பி சியாட்டிலில் வேலை பார்க்கிறான். அந்த ஊர் அடங்கிய கிங் கவுண்டி 2010-லேயே சமத்துவத்துக்கென்று உள்ளூர்ச் சட்டம் போட்டிருக்கிறதாம். ஒரு வேலையை எடுக்கும்போது அதனால் யாருக்கு லாபம், யார் தலையில் பாரம் என்று பார்க்க ஒரு முறையும் வைத்திருக்கிறார்களாம். "அதை அப்படியே கேளுங்கள்" என்கிறான். பெரியவர்கள் சிலர் "முதலில் விண்ணப்பங்களைத் தமிழில் தரச் சொல்லுங்கள்" என்கிறார்கள். வார்டு கமிட்டியில் இருந்து பழகியவர்கள் யாராவது வழி சொல்லுங்களேன்.

சிவாஜிநகர் வாசகர்:
2020 செப்டம்பரில் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது. அப்புறம் வருடக்கணக்கில் தேர்தல் இல்லாமல் அதிகாரிகள் ஆட்சிதான். உங்கள் மனு யாரை அசைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் கொடுங்கள். முத்திரை குத்திய நகல் வாங்காமல் மட்டும் திரும்பி வராதீர்கள்.

லிங்கராஜபுரம் அக்கா:
தம்பி, நான் தையல் கடை வைத்திருப்பவள். கவுன்சிலர் இருந்த காலத்தில் எங்கள் வார்டு கமிட்டியில் உறுப்பினர். அப்போதைய சட்டப்படி கவுன்சிலர்தான் தலைவர், கூடப் பத்துப் பேர். அதில் குறைந்தது மூன்று பேர் பெண்கள், இரண்டு பேர் எஸ்.சி. அல்லது எஸ்.டி., இரண்டு பேர் குடியிருப்போர் சங்கத்தினர். காகிதத்தில் குறை சொல்ல முடியாது. கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தால்தான் விஷயம் தெரியும்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை கூட்டம். எங்கள் வார்டில் காலை பதினோரு மணிக்கு வைப்பார்கள். பென்ஷன் வாங்கும் சார்கள் வந்துவிடுவார்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் அந்நேரம் மூன்றாவது வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். பௌரகார்மிகர்கள், அதாவது துப்புரவுப் பணியாளர்கள், விடிந்ததும் விடியாததுமாக வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டால் மதியத்துக்கு மேல்தான் வீடு. ஆகவே பேச்செல்லாம் பார்க் நடைபாதை, தெருநாய், வெளியாள் காரை நிறுத்துவது. அவையும் பிரச்சினைதான், நான் இல்லை என்கவில்லை.

ஒரு தடவை நாங்கள் பெண்கள் பிடிவாதம் பிடித்துக் கூட்டத்தை ஞாயிறு சாயங்காலம் அங்கன்வாடியில் வைக்கச் செய்தோம். இடம் போதாமல் வாசல் வரைக்கும் நின்றார்கள். முதலில் எழுந்த பேச்சு பொதுக் கழிப்பறை. ராத்திரி ஒன்பதுக்குப் பூட்டிவிடுகிறார்கள், அதற்குப் போகிற சந்தில் விளக்கும் இல்லை, வயசுப் பெண்ணை எப்படித் தனியாக அனுப்புவது என்று ஒரு அம்மா கேட்டார். வீட்டுக்குள் மூன்று கழிப்பறை இருப்பவருக்கு இது எங்கிருந்து தோன்றும்? அவர் கெட்டவர் இல்லை. அவர் நடக்கும் வழியில் அந்தச் சந்து இல்லை, அவ்வளவுதான். விளக்கு அந்த மாதமே வந்தது. கழிப்பறை நேரத்தை மாற்றத்தான் ஒப்பந்தக்காரரோடு பெரிய இழுபறி.

உங்கள் மனுவின் முதல் வரி, கூட்டம் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்பதாக இருக்கட்டும்.

அடுத்தது பணம். கர்நாடகத்தில் நகராட்சி, மாநகராட்சிகள் சொந்த நிதியில் 24.10 சதவீதத்தை எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும், 7.25 சதவீதத்தை மற்ற நலிந்த பிரிவினருக்கும், 5 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒதுக்க வேண்டும். சியாட்டில் வரைக்கும் போக வேண்டாம், விதி நம் ஊரிலேயே இருக்கிறது. இந்தப் பணம் உங்கள் வார்டில் எந்தத் தெருவில் இறங்கியது என்று வேலைப் பட்டியலைக் கேளுங்கள். காலனிக்குள் சாக்கடை கட்டினார்களா, காலனியை ஒட்டிய மெயின் ரோட்டுக்குத் தார் போட்டார்களா என்பது அதில் வெளிச்சமாகிவிடும்.

தனி ஆளுக்குக் கிடைக்கும் தையல் இயந்திரம், மூன்று சக்கர வண்டி, வீடு கட்டும் மானியம் போன்றவற்றுக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும், எஸ்.சி. ஒதுக்கீடு என்றால் சாதிச் சான்றிதழும் வேண்டும். நம் ஆட்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரு மாநிலத்து எஸ்.சி. அந்தஸ்து, பிழைக்கப் போன மாநிலத்துக்குக் கூடவே வராது. 1950-ல் குடும்பம் எங்கே குடியிருந்ததோ அந்த மாநிலத்தில்தான் செல்லும். ஆதி திராவிடர் என்பது கர்நாடகப் பட்டியலிலும் உண்டு. ஆனால் தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்டோம் என்று காட்டக் காகிதம் வேண்டுமே! கண்டோன்மென்ட் பக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பத்தில்கூட யாரும் காகிதத்தைப் பத்திரப்படுத்தவில்லை. என் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கைகொடுத்தது அவர் அப்பாவின் பழைய பள்ளி டி.சி. மில்லில் வேலை பார்த்ததற்கான சீட்டு, கல்லறைத் தோட்டத்து ரசீது, எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். இதைத் தேடிக் கொடுக்க வார்டு அலுவலகத்தில் வாரம் ஒரு நாள் ஓர் ஆள் உட்கார்ந்தால் போதும், கேளுங்கள். அதை எந்தக் கொள்கை அறிக்கையும் எழுதாது.

அரசு சேவைகளைக் குறித்த நாளுக்குள் தரச் சொல்லும் கர்நாடகச் சட்டம் சகாலா. விண்ணப்பம் போட்டதும் சகாலா எண் உள்ள ரசீதை வாங்கிவிடுங்கள். கெடு தாண்டினால் நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் வரை இழப்பீடு கேட்கலாம். காசு பெரிதில்லை, எண் கையில் இருந்தால் காகிதம் காணாமல் போகாது.

சியாட்டில் வாசி:
அக்கா சொல்வதைப் படித்ததும் ஒன்று சேர்க்கத் தோன்றியது. இங்கே 2015 மார்ச்சில் வருமானம் குறைந்தவர்களுக்கு ஓர்க்கா லிஃப்ட் என்று சலுகைக் கட்டண பஸ் அட்டை கொண்டுவந்தார்கள். பதிவுக்குப் பொதுச் சுகாதாரத் துறையையும், ஏழைகள் ஏற்கனவே போய்வரும் சேவை அமைப்புகளையும் பயன்படுத்தினார்கள். உதவி கேட்டு வந்தவரை அங்கேயே பதிந்துவிடலாம், இன்னொரு அலுவலகத்துக்கு அலையவிட வேண்டாம். சட்டம் எழுதியதைவிட இது எனக்குப் பிடித்திருந்தது. அதே சமயம், இந்த ஊர் வாடகை ஏறியதில் இல்லாதவர்கள் கவுண்டியின் தெற்குப் பக்கம் ஒதுங்கிக்கொண்டே போகிறார்கள். 2010 சட்டம் அதை நிறுத்தவில்லை. உங்கள் தம்பி சொல்வதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு கேளுங்கள்.

அல்சூர்க்காரன்:
அக்கா, நன்றி. ரேஷன் கடை வாசலிலேயே பதிவு வைக்கச் சொல்லி எழுதப்போகிறோம். தமிழ் விண்ணப்பம் பற்றி மட்டும் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?

லிங்கராஜபுரம் அக்கா:
வேண்டுமென்றுதான் விட்டேன். உங்கள் அல்சூரிலேயே வள்ளுவர் சிலை, கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால் 18 வருடம் மூடியே நின்று 2009-ல்தான் திறந்தது. தமிழ் விண்ணப்பம் என்று ஒரு வரி போட்டால் பேச்சு அந்த வரியிலேயே நின்றுவிடும், கழிப்பறையும் வேலைப் பட்டியலும் பின்னால் போய்விடும். நம் பிள்ளைகளுக்குக் கன்னடம் எழுதப் படிக்கத் தெரியும். கஷ்டம் வயதானவர்களுக்குத்தான். அவர்களுக்கு விண்ணப்பம் தமிழில் இருந்தாலும் நிரப்ப ஆள் வேண்டும். ஆகவே நிரப்பித் தர ஆள் கேளுங்கள். பதிவு முகாம் எந்த நாளில் என்பதை ஆட்டோவில் மைக் கட்டிச் சந்துக்குள் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் சந்தில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது நாலும் புழங்கும், ஓட்டுக் கேட்கும்போது நாலிலும்தான் கத்துகிறார்கள்.

சிவாஜிநகர் வாசகர்:
வேலைப் பட்டியலை வாயால் கேட்டால் தரமாட்டார்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் போடுங்கள். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம்தான், அதுவும் 150 சொல்லுக்குள். கட்டணம் 10 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 24.10-க்கு ஒரு மனு, மாற்றுத்திறனாளிகளின் 5 சதவீதத்துக்குத் தனியாக இன்னொரு மனு. சேர்த்துப் போட்டால் அதையே காரணம் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.